பிள்ளை பெற்ற வீட்டில் சுறாவுக்குப் பதில் என்ன சமைக்கலாம்

நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பக்கம் குழந்தை பிறந்த வீட்டுக்கு மறக்காமல் பால் சுறா வாங்கி வருவார்கள். தாய்க்குப் பால் ஊறும் என்று புட்டு செய்து கொடுப்பார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனாலும் கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும், சின்னப் பிள்ளைக்கும் சுறா வேண்டாம் என்றே சொல்லி வந்தேன். காரணம், பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பாதரசம்.

நிலக்கரிப் புகையிலும் தங்கம் பிரிக்கும் வேலைகளிலும் வெளியேறும் பாதரசம் கடைசியில் கடலுக்கு வருகிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதை உடம்பில் எளிதில் சேரும் மீத்தைல் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது கூடிக்கொண்டே போகும். பல வருஷம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் சுறாவில் நிறையத் தங்கிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்த சுறாக்களில் கிலோவுக்குச் சராசரியாக 0.98 மில்லிகிராம் இருந்தது. மத்தி மீனில் 0.013 மட்டுமே. பால் சுறா சின்ன இனம்தானே என்பார்கள். துண்டு போட்டுத் தட்டில் வைத்த பிறகு அது எந்தச் சுறா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

இந்தப் பாதரசத்தை நஞ்சுக்கொடி தடுக்காது. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் கூடுதலாகவே இருக்கும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் ஆலைக்கழிவு கலந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956-ல் வெளியே தெரிந்தது. பெரிய நோய்க்குறி இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தார்கள். நம் சந்தை மீன் அந்த அளவு கெட்டதில்லை. ஆனால் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில், பாதரசம் சேர்ந்த திமிங்கில இறைச்சி தின்ற தாய்மாரின் பிள்ளைகளை 7 வயதில் சோதித்தபோது, பேச்சு, கவனம், ஞாபகம் மூன்றிலும் சிறு பின்னடைவு தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத குறை இது. "நாங்கல்லாம் சொறா தின்னுட்டுத்தானே பெத்தோம், புள்ளைங்க நல்லாத்தானே இருக்கு" என்று மாமியார்கள் கேட்கும்போது, "நல்லாத்தான் இருக்கும்மா, இன்னும் நல்லா இருக்கட்டும்னுதான் சொல்றேன்" என்பேன். சண்டை போட்டால் அந்த வீட்டில் நம் பேச்சு எடுபடாது.

அதற்காக மீனையே நிறுத்திவிடாதீர்கள். இது இன்னும் பெரிய தப்பு. மூளை வளர டிஹெச்ஏ என்ற கொழுப்பும் அயோடினும் வேண்டும், இரண்டும் மீனில் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவில் வாரத்தில் பல நாள் கடல்மீன் தின்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் ஃபாரோவில் கண்ட மாதிரி தெளிவான பாதிப்பு தெரியவில்லை.

வாங்க வேண்டியது மத்தி (தெற்கே சாளை), நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, கிழங்கான், இறால். கடலோரம் இல்லாத ஊர்களில் என்றால் ரோகு, கெண்டை. விலையும் குறைவு. வஞ்சிரத்தில் பெரிய மீனின் துண்டு கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் மாதங்களிலும் வேண்டாம், அதன் நெருங்கிய இனத்தையும் அமெரிக்காவில் கர்ப்பிணிகள் தவிர்க்கச் சொல்கிறார்கள். சூரை சின்னதாகக் கிடைத்தால் வாரம் ஒரு தடவை போதும்.

புளி, மஞ்சள், எலுமிச்சை போட்டு எத்தனை முறை அலசினாலும் பாதரசம் போகாது. அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. தோலை உரித்தாலும் பொரித்தாலும் அப்படியே இருக்கும். சுறாக் கருவாட்டில் தண்ணீர் வற்றிவிடுவதால் ஒரு துண்டில் இன்னும் அதிகம்.

சரி, புட்டுக்கு என்ன செய்வது? மத்தியைச் சுத்தம் செய்து, மஞ்சள் உப்புப் போட்டு ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் நடுமுள்ளை உருவி எடுத்து, சதையை உதிர்த்து, மீதி முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், கைநிறையப் பூண்டு வதக்கி, மீனைப் போட்டுக் கிளறி, மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். முள்ளுக்குப் பயமென்றால் கிழங்கானில் செய்யலாம். சுறாப் புட்டில் போடும் அதே பூண்டும் மிளகும்தான் என்பதால் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது. பால் ஊறுவதற்குக் குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவதுதான் முதல் வழி.

கர்ப்பிணிக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, ஒரு வேளைக்கு 110 கிராம் அளவு போதும். பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு தடவை: ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு 30 கிராம், நான்கிலிருந்து ஏழு வயதுக்கு 60 கிராம்.

ஏற்கெனவே சுறா சாப்பிட்டாயிற்றே என்று பயப்படாதீர்கள். நிறுத்திவிட்டால் ஏறக்குறைய 50 நாளில் ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையும். அப்புறம் மறுபடியும் பாதியாகும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே சுறாவை விடுவது நல்லது. உடம்பைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது மருந்து விற்றால் வாங்க வேண்டாம். பிள்ளை பேசத் தாமதமானால் மீன்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். காதுகேட்கும் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.