கேஜே66 வகை மாடல் ஜெட் எஞ்சினைக் கையால் ஸ்டார்ட் செய்வது எப்படி

ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறை வசதியில் செய்யும்படி வடிவமைத்த எஃப்டி3/64 எஞ்சினில், காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்ப்ரெசர் சக்கரம் பிளைவுட்டில் ஆனது. உடையாமலிருக்க கார்பன் ஃபைபர் கட்டு. பின்னால் வந்த கேஜே66, வண்டி எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போசார்ஜரின் 66 மி.மீ. அலுமினியச் சக்கரத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. அது ஓடுவது மண்ணெண்ணெயில். பிரான்சின் ஜேபிஎக்ஸ் டி240 போல புரொப்பேனிலேயே ஓடியவையும் உண்டு. கேஸில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் தலைவலி அவற்றுக்கு இல்லை. மண்ணெண்ணெய் ஆவியானால்தான் இத்தனை சிறிய அறைக்குள் எரிந்து முடியும். அது ஆவியாக, அறைக்குள் இருக்கும் குச்சிக் குழாய்கள் முதலில் சூடேற வேண்டும். ஆகவே முதலில் கேஸ், பிறகுதான் எண்ணெய்.

5 லிட்டர் மண்ணெண்ணெயில் 250 மி.லி. டர்பைன் ஆயில் கலந்து வடிகட்டுங்கள். பேரிங்குக்கு வேறு உயவு கிடையாது. இந்தக் கலவையில் ஒரு சிறு பங்குதான் அங்கே போகிறது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் காற்றுக்குமிழி இருக்கவே கூடாது. ஒரு குமிழி போதும், தீ அணைந்துவிடும்.

எஞ்சினைப் பலகையில் இறுக்கி, காது அடைப்பான் போட்டு, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். பவுடர் வேண்டாம், பேரிங் போய்விடும். பின்பக்கம் சூடான வாயுவில் சுழலும் டர்பைன் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

தீ மூட்டும் கம்பிச்சுருளான குளோ பிளக்கைச் சூடாக்கி, ப்ளோயரால் முன்பக்கம் மெதுவாக ஊதி, கேஸைக் கொஞ்சமாகத் திறங்கள். வேகமாக ஊதினால் பற்றாது. பற்றாவிட்டால் ப்ளோயரை விலக்கி, சக்கரம் வேகம் குறையும்போது பாருங்கள். 'பொப்' என்று பிடிக்கும். பிடித்ததும் காற்றைக் கூட்டி, கேஸையும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். குழாய்கள் சூடேறி, சக்கரம் தெளிவாக வேகமெடுத்த பிறகு பம்பைக் குறைந்த வோல்டேஜில் தொடங்குங்கள். வேகம் தானாக ஏறத் தொடங்கியதும் கேஸை மூடலாம். ப்ளோயரை மட்டும் ஐடில் (எஞ்சின் தானாக ஓடும் குறைந்தபட்ச வேகம்) வரும்வரை, அதாவது ஏறக்குறைய 35,000 ஆர்.பி.எம். வரை, எடுக்காதீர்கள்.

பின்னால் நீளமாக மஞ்சள் தீ வந்தால் எண்ணெய் அதிகம், காற்று குறைவு. பம்பை உடனே நிறுத்துங்கள், ஊதுவதை நிறுத்தாதீர்கள். தீயைக் கண்டு பயந்து ப்ளோயரை எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சக்கரத்தைக் குளிர்விக்க அந்தக் காற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. மறுபடி முயலும் முன் எஞ்சினைச் சாய்த்து, உள்ளே தேங்கிய எண்ணெயை வடித்துவிடுங்கள். வடிக்காமல் பற்றவைத்தால் அடுத்த தீ இதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஓட்டி முடித்ததும் சில நொடிகள் ஐடிலில் விட்டு அணையுங்கள். பிறகு வெளியேறும் வாயு 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரும்வரை ஊதுங்கள். இல்லையென்றால் டர்பைனின் சூடு தண்டு வழியாகப் பின்பக்க பேரிங்குக்கு ஏறி, அங்குள்ள ஆயிலைக் கருக்கிவிடும். ஆறியபின் சக்கரத்தைக் காற்றால் சுழற்றிவிட்டுக் கேளுங்கள். கரகரப்பு வந்தாலோ, சட்டென்று நின்றாலோ பேரிங்கை மாற்றாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.