பூஞ்சைய வெச்சு வெள்ளி நானோ துகள் பண்ணி புழு மேல டெஸ்ட் பண்றது எப்படி?

பிராஜக்ட்டுக்கு நானோன்னு டாபிக் எடுத்துட்டு எங்க ஆரம்பிக்கறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இது. பூச்சிய கொல்ற பூஞ்சை பியூவேரியா பேசியானா தெரியும்ல, அது தண்ணில விடற என்சைமும் புரோட்டீனும் வெள்ளி அயனிய ரெடியூஸ் பண்ணி துகளாக்கிடும், அந்தப் புரோட்டீனே துகள சுத்தி ஒட்டிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு சேராம பாத்துக்கும்.

முதல்ல கல்ச்சர், அதாவது பூஞ்சைய வளக்கறது. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் பிராத்த (பூஞ்சைக்கு சாப்பாடு மாதிரி இருக்கற திரவம்) 121 டிகிரில 15 நிமிஷம் ஆட்டோகிளேவ் பண்ணி (அழுத்த நீராவில கிருமி நீக்கி), ஆறினதும் பூஞ்சைய போட்டு 25-28 டிகிரில 5 லருந்து 7 நாள் ஷேக்கர்ல (பிளாஸ்க்க ஆட்டிக்கிட்டே இருக்கற மெஷின்) விடுங்க. வெள்ளையா பஞ்சு உருண்டை மாதிரி வரணும். பச்சையோ கருப்போ தெரிஞ்சா யோசிக்காதீங்க, ஆட்டோகிளேவ் பண்ணி கொட்டிட்டு மறுபடி ஆரம்பிங்க.

அடுத்து வடிகட்டி, ஸ்டெரைல் டிஸ்டில்ட் வாட்டர்ல மூணு தடவ நல்லா அலசுங்க. இத நிறைய பேர் ஏனோதானோன்னு பண்றாங்க, பிராத்துல இருக்கற குளுக்கோஸே வெள்ளிய ரெடியூஸ் பண்ணும், அப்புறம் துகள் பண்ணது பூஞ்சையா சர்க்கரையான்னு வைவால கேட்டா பதில் இருக்காது. அலசின பூஞ்சை 10 கிராம், 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டர்ல 72 மணி நேரம் இருக்கட்டும். திரும்ப வடிகட்டி இப்ப தண்ணிய வெச்சுக்கங்க.

அந்த 100 மில்லில 17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட் போட்டா 1 மில்லிமோலார் (லிட்டருக்கு ஆயிரத்துல ஒரு மோல்) செறிவு. கூடவே ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு கண்ட்ரோல் பிளாஸ்க்: ஒண்ணு வெறும் வடிதண்ணி, இன்னொண்ணு டிஸ்டில்ட் வாட்டர்ல அதே அளவு சில்வர் நைட்ரேட். மூணையும் இருட்டுல வைங்க. நான் முதல் தடவ பிளாஸ்க்க குழாத்தண்ணில கழுவிட்டு அப்படியே ஊத்தினேன், போட்ட நிமிஷமே பால் மாதிரி திரிஞ்சு போச்சு, ஆஹா நானோன்னு குதிச்சா அது வெறும் சில்வர் குளோரைடு!

சரியா போனா ஒண்ணு ரெண்டு நாள்ல வெளிர் மஞ்சள் மெதுவா டீ டிகாக்ஷன் கலருக்கு வரும், கண்ட்ரோல் ரெண்டும் மாறக்கூடாது. யூவி-விஸ்ல (எந்த அலைநீள ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டற கருவி) 420 நானோமீட்டர் பக்கம் பீக் இருக்கான்னு பாருங்க, அதுதான் வெள்ளி நானோவுக்கு அடையாளம். அப்புறம் 12,000 ஆர்பிஎம்ல 20 நிமிஷம் சென்ட்ரிஃபியூஜ் பண்ணி மேல நிக்கற தண்ணிய எடுத்துட்டு, அடியில படிஞ்சத புது டிஸ்டில்ட் வாட்டர்ல கலக்குங்க. இத விட்டா மிச்ச அயனியே புழுவ கொன்னுடும், பேரு மட்டும் நானோவுக்குப் போகும்.

டெஸ்ட் பண்ற புழுவுக்கு புரொடீனியா (புகையிலை வெட்டுப்புழு), மூணாம் பருவம், அதாவது ரெண்டு தடவ தோல் உரிச்சது. ஆமணக்கு இலைய வட்டமா வெட்டி நானோ கரைசல்ல முக்கி, ஃபேன் காத்துல உலர்த்தி, டப்பாவுக்கு 10 புழு, மூணு டப்பா. வெறும் தண்ணில முக்கின இலை, சில்வர் நைட்ரேட்ல முக்கின இலை, வடிதண்ணில முக்கின இலைன்னு தனித்தனி செட் கண்டிப்பா வேணும். பச்சைக்காய்ப்புழுன்னா ஒரு டப்பாவுக்கு ஒண்ணுதான், சேர்த்து விட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும். 24, 48, 72 மணி நேரத்துல எண்ணுங்க, பிரஷ்ஷால தொட்டும் அசையலன்னா செத்ததுன்னு கணக்கு. தண்ணி செட்லயே கொஞ்சம் செத்திருந்தா அபாட் ஃபார்முலா (தானா செத்தத கழிச்சு மருந்தால செத்த சதவீதத்த கணக்கு பண்றது) போட்டு திருத்திக்கங்க, 20 சதவீதத்துக்கு மேல போனா அந்த டெஸ்ட்டே செல்லாது.

ரிசல்ட் நல்லா வந்துச்சுன்னு வீட்டுத் தோட்டத்துல அடிச்சுப் பாக்காதீங்க, வெள்ளி மண்ணுல இருக்கற நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், தண்ணிக்குப் போனா மீனுக்கும் ஆகாது. மிச்சத்த சிங்க்ல ஊத்தாம பாட்டில்ல சேத்து லேபிள் ஒட்டி லேப்ல குடுத்துருங்க. கிளவுஸ் போடாம சில்வர் நைட்ரேட்ட தொட்டீங்கன்னா விரல் கருப்பாயிடும், சோப்புக்கெல்லாம் போகாது, தோல் உரியற வரைக்கும் அப்படியேதான்.