அமில நீரும் மண்ணும்: ஸ்ப்ரூஸ் நாற்றுகளை வைத்துச் சோதிக்கும் முறை

ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் இடைப்பட்ட ஏர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடரில், பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகையால் 1970களிலும் 1980களிலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகள் பெரும்பரப்பில் பட்டுப்போயின. புகை அடங்கிய பிறகும், மண்ணில் தங்கிவிட்ட அமிலம் புதிய நாற்றுகளுக்கு இடையூறாக நீடித்தது. ஒரே அமிலம் ஒரு மண்ணில் நாற்றை வாட்டுவதையும் மற்றொன்றில் விட்டுவைப்பதையும் தொட்டிகளிலேயே கண்டறியலாம்.

கருங்கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான மண், சுண்ணாம்புப் பாறை மண் என இருவகை மண்ணை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வயது நாற்றுகளை ஒரே உயரத்தில் தேர்ந்து நடுங்கள். பாதித் தொட்டிகளுக்குத் தூய மழையின் அளவான பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6 நீரையும், மீதிக்குக் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்து 3.5க்குக் கொண்டுவந்த நீரையும் ஊற்றுங்கள். பின்னதன் அமிலச் செறிவு நூறு மடங்குக்கும் அதிகம். கையுறை அணிந்து, அமிலத்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. குழாய் நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை முறித்துவிடும் என்பதால் வாலைவடி நீரே ஏற்றது.

உயரத்தை மட்டும் அளந்து முடிவுக்கு வராதீர்கள். நைட்ரிக் அமிலத்தில் உள்ள நைட்ரஜன் உரமாகிவிடுவதால், அமில நீர் பெற்ற நாற்று தொடக்கத்தில் செழிப்பாகவே வளரக்கூடும். தொட்டியின் அடித்துளையில் வடியும் நீரின் பி.எச்.ஐ மாதந்தோறும் அளந்து வந்தால், சுண்ணாம்பு மண் அமிலத்தை ஈடுகட்டுவதும், மணல் மண் மெல்லத் தோற்பதும் எண்களிலேயே தெரியும். மண்ணின் பி.எச். ஏறத்தாழ 4.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். அத்தகைய நாற்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால், நுனிவேர்கள் தடித்துக் குட்டையாகி, பழுப்பேறி, கிளைக்காமல் நிற்கும். மேலே, இந்த ஆண்டின் ஊசியிலைகள் பச்சையாக இருக்க, முந்தைய ஆண்டின் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளானால் அது மெக்னீசியக் குறைவின் அடையாளம்.

மணல் மண் தொட்டிகள் சிலவற்றில், மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்லான டோலமைட்டின் தூளையும் தூவி ஒப்பிடுங்கள். ஜெர்மானிய வனத்துறையினர் ஹெக்டேருக்குச் சுமார் 3 டன் இடுகிறார்கள். தொட்டிக் கணக்கில், 100 சதுர சென்டிமீட்டர் மண்பரப்புக்கு 3 கிராம் போதும்.