பழைய பிக்கப் டிரக்கில் எத்தனால்: நான் மாற்றியவை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் என் வீட்டைச் சுற்றி மக்காச்சோள வயல்தான்; எத்தனால் எடுப்பதும் அதிலிருந்துதான். என் பிக்கப், காற்றோடு எரிபொருளைக் கலக்கும் கார்புரேட்டர் காலத்து வண்டி. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. அதில் இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றினால் ஐட்லிங்கில் திணறும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இருமும்.

காரணம் எளிது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும்; இ85-க்குப் பத்துக்கும் குறைவு. அதாவது அதே காற்றுக்கு எடையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிபொருள் போயாக வேண்டும்; எத்தனால் சற்று அடர்த்தி கூடியது என்பதால் கன அளவில் சுமார் 40 சதவீதம் கூடுதல். அதனால் கார்புரேட்டரில் எரிபொருள் பாயும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக மாற்றினேன். இங்கே ஒரு கணக்கு: துளையின் விட்டத்தை 20 சதவீதம் கூட்டினாலே பரப்பு 44 சதவீதம் கூடிவிடும். ஐட்லிங் ஜெட்டையும் விடக்கூடாது. அப்புறம் எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் சென்சார் (புகையில் உள்ள ஆக்ஸிஜனை வைத்துக் கலவையைக் காட்டுவது) மாட்டி, கலவையைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். எத்தனாலுக்கு ஆக்டேன், அதாவது தானாக வெடித்துத் தட்டாமல் தாங்கும் திறன், அதிகம் என்பதால் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) கொஞ்சம் முன்னால் நகர்த்த முடிந்தது. இழுவை நன்றாகவே கூடியது.

பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் கெடுத்துவிடும். அதற்கேற்ற குழாய் போட்டேன். டேங்கில் படிந்த பழைய கசடையும் அது கரைத்துக் கிளப்பும் என்பதால் கைவசம் உபரி ஃபில்டர்கள் வைத்துக்கொண்டேன்.

மைலேஜ் கால்வாசிக்கு மேல் அடி வாங்கும், அதற்கு வழியில்லை. உறைகுளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எத்தனால் குறைத்த குளிர்காலக் கலவையிலும்தான். இன்ஜின் பிளாக் ஹீட்டரை இரவே சொருகிவிடுகிறேன்.