வேலை, சம்பளம், தொழில் பத்தின ஆராய்ச்சிய ஏமாறாம படிக்கறது எப்படி

மும்பை தமிழ் ஆளுங்க குரூப்புல வாரத்துக்கு ஒண்ணாவது வந்துடும். "வேலையில்லா திண்டாட்டம் 3 பெர்சன்ட்டுக்கு இறங்கிடுச்சு"ன்னு ஒருத்தர் போடுவாரு, அடுத்த நிமிஷமே இன்னொருத்தர் "யாரு சொன்னா, 5 கிட்ட இருக்கு"ன்னு போடுவாரு, அப்புறம் ராத்திரி வரைக்கும் சண்ட. இதுல என்ன கூத்துன்னா பல நேரம் ரெண்டு பேரு நம்பருமே சரியாத்தான் இருக்கும். எப்படின்னு கீழ சொல்றேன்.

நான் சர்வே வேலைல இருக்கறவன், ஃபாரத்த தூக்கிட்டு வீடு வீடா போறதும் அப்புறம் அந்த டேட்டாவ உக்காந்து சுத்தம் பண்றதும்தான் பொழப்பு. எம்.ஏ. எக்கனாமிக்ஸ் படிக்கற பசங்க, தாராவில காலா (சின்ன பட்டறை) வச்சு நடத்தறவங்க, இல்ல சும்மா தெரிஞ்சுக்கணும்னு நெனக்கறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறேன். கணக்கு பெருசா வேணாம், பொறுமை வேணும்.

மொத விஷயம், ஆராய்ச்சி பேப்பர முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கத புக்கு மாதிரி படிக்காதீங்க. சுருக்கத்த படிச்சிட்டு நேரா ஒரே ஒரு கேள்விக்கு பதில் தேடுங்க: இவங்க யாரோட ஒப்பிட்டு சொல்றாங்க? பாதி பேப்பருக்கு மேல இந்த ஒரு கேள்வியிலயே நிக்குமா விழுமான்னு தெரிஞ்சிடும். "எங்க இன்ஸ்டிட்யூட்ல படிச்சவங்கள்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு வேலை"ன்னு ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல போஸ்டர் ஒட்டியிருப்பான்ல, அங்க கேக்க வேண்டியதும் இதேதான், அங்க சேராத அதே மாதிரி பசங்கள்ல எத்தன பேருக்கு வேலை கெடச்சுது? அத சொல்லலன்னா அந்த தொண்ணூறுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கலாம். மும்பைல பழைய துணி மில்லுங்க இருந்த லால்பாக், பரேல் பக்கம் வயசானவங்க யாரக் கேட்டாலும் "1982 ஸ்ட்ரைக்குதான்ப்பா மில்ல முடிச்சுது"ன்னு சொல்வாங்க. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமைல ஜனவரி 1982ல ஆரம்பிச்ச ஸ்ட்ரைக், சுமார் ரெண்டரை லட்சம் தொழிலாளிங்க, அதுக்கப்புறம் மில்லுங்க வரிசையா மூடுச்சு, இவ்ளோ வரைக்கும் உண்மை. ஆனா முன்னாடி இருந்துச்சு, பின்னாடி இல்ல, அதனால ஸ்ட்ரைக்குதான் காரணம்னு சொல்லிட்டா அது ஆராய்ச்சி கிடையாது, வரிசைய சொல்றீங்க அவ்ளோதான். இப்ப அகமதாபாத்த பாருங்க. அங்க இந்த மாதிரி பெரிய ஸ்ட்ரைக் நடக்கல, ஆனா அதே 80கள்ல அங்கயும் மில்லுங்க கொத்து கொத்தா மூடிச்சு. ஏன்னா ரெண்டு ஊர்லயும் பழைய மெஷின், பிவண்டி மாதிரி எடத்துலேர்ந்து விசைத்தறி துணி சல்லிசா வந்து எறங்குது, அதோட போட்டி போட முடியல. அப்ப ஸ்ட்ரைக்கோட பங்கு எவ்ளோன்னு கேட்டா, மும்பைல ஆன சரிவுலேர்ந்து அகமதாபாத்துல ஆன சரிவ கழிச்சு பாக்கணும். மிச்சம் என்ன நிக்குதோ அதத்தான் ஸ்ட்ரைக் கணக்குல எழுதலாம், அதுவும் ரெண்டு ஊரும் அதுக்கு முன்னாடி ஒரே மாதிரி போயிட்டிருந்துச்சுன்னு காட்டினாத்தான். மும்பைல நெலத்தோட வெல வேற, மில் மொதலாளிக்கு துணிய விட நெலத்துல காசு அதிகம், அதனால இந்த ஒப்பீடும் சுத்தம்னு சொல்ல முடியாது. ஆனா இப்படி யோசிக்கறதுதான் வேலையே.

இந்த கழிக்கற வேலைக்கு பேர் போன உதாரணம் அமெரிக்காவுல டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்ங்க 1994ல போட்ட பேப்பர். நியூ ஜெர்சில ஏப்ரல் 1992ல குறைந்தபட்ச கூலிய மணிக்கு 4.25 டாலர்லேர்ந்து 5.05 ஆக்கினாங்க, பக்கத்து பென்சில்வேனியால ஏத்தல. ரெண்டு பக்கமும் சேத்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைய கூலி ஏத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் விசாரிச்சாங்க, நியூ ஜெர்சில வேலை கொறஞ்சதா தெரியல. அப்புறம் நியூமார்க், வாஷர்னு ரெண்டு பேர் சம்பள ரெஜிஸ்டர் டேட்டாவ வச்சு இத எதிர்த்தாங்க, சண்ட ரொம்ப நாள் ஓடுச்சு. கார்டுக்கு 2021ல நோபல் கெடச்சுது. நீங்க எடுத்துக்க வேண்டியது, போன்ல கேட்டு வாங்கின நம்பரும் ரெஜிஸ்டர்ல இருக்கற நம்பரும் வேற வேற கத சொல்லலாம், அதனால டேட்டா எப்படி சேத்தாங்கங்கற பகுதிய தாண்டி போயிடாதீங்க.

இப்ப வெஸ்டர்ன் லைன்ல போய்சர்ல எறங்கினா வர்ற தாராப்பூர். அங்கயும் குஜராத் பக்கம் உம்பர்காவ்லயும் இருந்த நெசவு ஆலைங்கள வச்சு நிக்கலஸ் ப்ளூம், அப்ரஜித் மகாஜன் எல்லாம் சேந்து 2013ல ஒரு பேப்பர் போட்டாங்க, நிர்வாகம் ஒழுங்கா இருந்தா நெஜமாவே லாபம் உண்டான்னு கேள்வி. எனக்கு ரொம்ப புடிச்ச பேப்பர், மொத தடவ படிக்கறவங்களுக்கு இதத்தான் கையில குடுப்பேன். 66 கம்பெனிய அணுகினாங்க, 17 கம்பெனிதான் ஒத்துக்கிச்சு. குலுக்கல் போட்டு சில ஆலைக்கு மொத்தம் அஞ்சு மாசம் கன்சல்டிங் (நிர்வாக ஆலோசனை), மத்ததுக்கு ஒரே ஒரு மாசம் சோதனை மட்டும். ஏன் அந்த ஒரு மாசம்? அவங்க உள்ள போய் அளந்தாத்தானே ஒப்பிட முடியும், நாம ஒண்ணுமே குடுக்கலன்னா ஆலைக்காரன் கணக்கு காட்டுவானா.

ஆலைங்க எப்படி இருந்துச்சுன்னு அதுலயே போட்டோ இருக்கு, தரையெல்லாம் குப்பை, மாசக்கணக்குல ஓடற அளவுக்கு நூல் ஸ்டோர்ல கெடக்கு, ஒழுங்கா அடுக்கல, ஈரம் பட்டா படட்டும்னு. கன்சல்டன்ட் வந்து எந்த மெஷின் எதுக்கு நின்னுச்சுன்னு எழுத சொன்னாங்க, துணில பழுத தெனமும் பதிய வச்சாங்க, இந்த மாதிரி 38 பழக்கம். முதல் வருஷத்துலயே உற்பத்தித்திறன் 17 பெர்சன்ட் ஏறிச்சு. சரி, இவ்ளோ லாபம்னா இத்தன நாள் ஏன் செய்யல? பாதி விஷயம் அவங்களுக்கு தெரியவே தெரியாது, தெரிஞ்சதும் நமக்கு ஒத்துவராதுன்னு நெனச்சிருக்காங்க. இன்னொன்னு, ஒரு கம்பெனி எவ்ளோ பெருசாகும்னு சொல்றதுக்கு அந்த குடும்பத்துல எத்தன ஆம்பளைங்கன்னு எண்ணிப் பாத்தா போதும்ங்கற மாதிரி வந்துச்சு. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்ல தோல் பை தைக்கற அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட ஏன் ரெண்டாவது காலா எடுக்கலன்னு கேட்டா "யாரு தம்பி பாத்துக்கறது, ஒரே பையன், அவனும் ஐடிக்கு போயிட்டான்"னு சொல்வாரு. பேப்பர் சொல்றதும் அதேதான்.

ஆனா இதையும் சந்தேகத்தோட படிங்க. ஒத்துக்கிட்ட 17 கம்பெனியும் ஆர்வம் இருக்கறவங்க, ஒத்துக்காத 49க்கும் இது பொருந்துமா? ஆலைங்க எண்ணிக்கையும் கம்மி, அத அவங்களே ஒத்துக்கிட்டு அதுக்கேத்த கணக்கு முறைய போட்டிருக்காங்க, இப்படி தன் ஓட்டைய தானே சொல்ற பேப்பர நான் கொஞ்சம் கூடுதலா நம்புவேன். கொஞ்ச வருஷம் கழிச்சு திரும்பி போய் பாத்தாங்க, 2020ல வெளியாச்சு, கத்துக் குடுத்ததுல பாதி பழக்கத்த விட்டுட்டாங்க, மேனேஜர் மாறினது ஒரு பெரிய காரணம். ஆனாலும் கன்சல்டிங் கெடச்ச ஆலைக்கும் கெடக்காத ஆலைக்கும் நடுவுல வித்தியாசம் இருந்துச்சு. அதனால எந்த பேப்பர படிச்சாலும் பின்தொடர்ந்து யாராவது போனாங்களான்னு தேடிடுங்க.

டேபிள படிக்கறது பத்தி சுருக்கமா. ஒவ்வொரு நம்பருக்கும் கீழ அடைப்புக்குறிக்குள்ள சின்னதா ஒண்ணு இருக்கும், அது பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் எரர், அதாவது அந்த நம்பர் தற்செயலா எவ்ளோ முன்ன பின்ன ஆகலாம்ங்கற அளவு. மேல இருக்கறது கீழ இருக்கறத விட ரெண்டு மடங்காவது இருந்தா தற்செயல்னு ஒதுக்க முடியாதுன்னு தோராயமா வச்சுக்கோங்க. தற்செயல் இல்லன்னு காட்ட நம்பர் பக்கத்துல போடற நட்சத்திரத்த பாத்து மயங்க வேணாம், நட்சத்திரம் மூணு இருந்தும் சம்பளத்துல அர பெர்சன்ட்தான் ஏறியிருக்குன்னா அத வச்சு என்ன பண்றது.

டேபிள விட முக்கியம், அதுல வர்ற அளவுகோல (வேரியபிள்) எப்படி கட்டினாங்கங்கறது. பெஸ்லி, பர்ஜெஸ் 2004ல போட்ட பேப்பர் இந்தியாவுல ரொம்ப பிரபலம். தொழில் தகராறு சட்டம் 1947ல மாநிலங்க 1958லேர்ந்து 1992 வரைக்கும் செஞ்ச திருத்தங்கள எடுத்து, தொழிலாளிக்கு சாதகம்னா பிளஸ் ஒண்ணு, மொதலாளிக்கு சாதகம்னா மைனஸ் ஒண்ணுன்னு போட்டு, தொழிலாளி பக்கம் சாஞ்ச மாநிலத்துல பதிவு பெற்ற ஆலை உற்பத்தி கொறஞ்சுதுன்னாங்க. அதித்ய பட்டாச்சார்ஜியாங்கற இன்னொரு ஆராய்ச்சியாளர் அந்த பிளஸ் மைனஸ்லயே கைய வச்சாரு, குஜராத்த ஒரே ஒரு திருத்தத்த வச்சு தொழிலாளி பக்கம்னு போட்டா எப்படின்னு. முடிவு பெருசோ சின்னதோ, அது யாரோ ஒருத்தர் உக்காந்து போட்ட குறி மேலதான் நிக்குது. பின்னிணைப்புல அந்த பட்டியல் இருக்கும், கண்டிப்பா பாருங்க.

இப்ப அந்த 3க்கும் 5க்கும் வர்றேன். ரெண்டுமே அரசாங்கத்தோட பிஎல்எஃப்எஸ் (வேலை நிலவரத்த வீடு வீடா கேக்கற பீரியாடிக் லேபர் ஃபோர்ஸ் சர்வே), ஏப்ரல் 2017ல ஆரம்பிச்சது. ஒரு முறைல கடந்த 365 நாள பாத்து கேப்பாங்க, பெரும்பாலான நாள் வேலை இல்லாட்டியும் ஒரு 30 நாள் உபரியா வேலை பாத்திருந்தா அவர் வேலைல இருக்கறவர்தான். இன்னொரு முறைல கடந்த 7 நாள், அதுல ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செஞ்சாலே போதும், ஆனா அந்த வாரம் முழுக்க ஒண்ணும் அமையாம தேடிட்டு இருந்தா வேலையில்லாதவர். ஜூலை 2023லேர்ந்து ஜூன் 2024 வரைக்குமான ரிப்போர்ட்ல 15 வயசுக்கு மேல மொத கணக்குல 3.2, ரெண்டாவதுல 4.9. ஒரே சர்வே, ஒரே வருஷம். 2025லேர்ந்து மாசா மாசம் வர்ற நம்பர் அந்த 7 நாள் கணக்குல போடறது, சாம்பிள் எடுக்கற முறையும் மாறிடுச்சு, அத பழைய 3.2 பக்கத்துல வச்சு "பாத்தியா ஏறிடுச்சு"ன்னு போடறவங்ககிட்ட சண்டைக்கே போக வேணாம்.

பொம்பளைங்க கணக்குதான் இன்னும் சிக்கல். வேலைல இருக்கற, இல்ல தேடற பொம்பளைங்க விகிதம் 2017-18ல 23.3, 2023-24ல 41.7. கொண்டாடறதுக்கு முன்னாடி எந்த வேலைன்னு பாருங்க, ஏறினதுல பெரும்பங்கு கிராமத்துலயும் சொந்தத் தொழில்லயும் வீட்டுத் தொழில்ல சம்பளமில்லாம ஒத்தாச பண்றதுலயும்தான். நெஜமா ஏறிச்சா, இல்ல கேக்கற விதம் தேறிச்சான்னு ஆராய்ச்சியாளர்ங்களே அடிச்சுக்கறாங்க. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. தாராவில ஒரு அக்கா, விடியக்காலைல இட்லி அவிச்சு பாத்திரம் பாத்திரமா வீட்டுக்காரர்கிட்ட குடுத்து விக்க அனுப்பறவங்க, வேலைக்கு போறீங்களாக்கான்னா "இல்ல தம்பி வீட்லதான் இருக்கேன்"னாங்க, பின்னாடி கிரைண்டர் ஓடிட்டிருக்கு. இட்லி யாரு போடறதுன்னு தனியா கேட்டாத்தான் பதில் வரும். அதனால பேப்பர்ல கேள்வித்தாள் பின்னிணைப்புல இருந்தா அத படிங்க.

நீங்களே டேட்டாவ தொட்டு பாக்கணும்னா தாராளமா பாக்கலாம். புள்ளியியல் அமைச்சகத்தோட மைக்ரோடேட்டா தளத்துல பதிவு பண்ணிட்டா பிஎல்எஃப்எஸ் யூனிட் டேட்டா (ஒவ்வொரு ஆளோட பதிலும் தனித்தனியா இருக்கற பைல்) இலவசம். கூடவே வர்ற, எந்த எடத்துல எந்த பதில்னு சொல்ற லேஅவுட் பைல இறக்க மறந்துடாதீங்க, அது இல்லாம வெறும் எண் மூட்டைதான். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மல்டிப்ளையர் இருக்கும், அந்த ஒருத்தர் நாட்டுல எத்தன பேருக்கு பதிலா நிக்கறாருன்னு அர்த்தம், அத போடாம சராசரி எடுத்தா எல்லாமே தப்பா வரும். 2024 வரைக்குமான ரவுண்டுல நகரத்து வீட்டுக்கு நாலு தடவ போயிருப்பாங்க, வருஷ ரிப்போர்ட் மொத விசிட்ட வச்சுதான் போடறது, நீங்களும் மொத விசிட் பைல மட்டும் எடுங்க. எடுத்ததும் உங்க கேள்விக்கு தாவாம, ரிப்போர்ட்ல அச்சாகியிருக்கற ஏதாவது ஒரு நம்பர் உங்களுக்கும் வருதான்னு பாருங்க, உதாரணத்துக்கு 2023-24ல 15 வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்கள்ல உழைப்பாளர் பங்கேற்பு (வேலைல இருக்கற, இல்ல தேடறவங்க விகிதம்) 365 நாள் கணக்குல 60.1. வரலன்னா பெரும்பாலும் மல்டிப்ளையர்லயோ வயசு வடிகட்டினதுலயோதான் கோளாறு.

சம்பளத்த வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட்டா விலைவாசி ஏறினத கழிச்சுக்கோங்க, சராசரியோட நடு ஆள் சம்பளத்தையும் (எல்லாரையும் சம்பள வரிசைல நிக்க வச்சா நடுவுல நிக்கறவரோடது) போடுங்க, பிகேசி மாதிரி பெரிய ஆபீஸ் ஏரியாவுல ஒருத்தர் சம்பளம் சராசரிய எங்கயோ தூக்கிடும். அப்புறம் பசங்க எல்லாரும் கேக்கறது, "அண்ணே தாராவிக்கு மட்டும் எடுக்கலாமா?" முடியாது. அந்த பழைய ரவுண்டுங்க மாநில அளவுக்கு திட்டம் போட்டு எடுத்த சாம்பிள். மகாராஷ்டிரா நகரம், பொம்பள, தையல் வேலைன்னு வடிகட்டிட்டே போனீங்கன்னா கடைசில கையில எத்தன பேர் மிச்சம்னு எண்ணிப் பாருங்க, இருபது முப்பது பேர்தான் நிக்கறாங்கன்னா அந்த நம்பர எழுதாதீங்க, ரெண்டு மூணு வருஷ டேட்டாவ சேருங்க, இல்லன்னா கேள்விய பெருசாக்குங்க.