சின்ன மிரர்லெஸ் கேமராவுக்குப் பை: அளந்து வாங்கும் முறை

மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன வகை) வாங்கும் பலர், கண்ணாடி வைத்த பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் காலத்துப் பெரிய பையிலேயே அதைப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். பை பெரிதாக இருந்தால் "இன்றைக்கு வேண்டாம்" என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் நடக்கும். அதனால் பையை நான் துணைப்பொருளாக நினைப்பதில்லை. கேமரா நம்மோடு வெளியே வருமா வராதா என்பதை முடிவு செய்வதே அதுதான்.

என்னிடம் இருப்பது கேனான் ஆர்50, அதனுடன் வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸ், தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் (இந்த மி.மீ. குவியத்தூரம், லென்ஸின் நீளம் அல்ல). கீழே உள்ள கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். உங்கள் கேமராவின் அளவுகளைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: எதை எடுத்துப் போகப் போகிறீர்கள்?

பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதில் மாட்டிய ஒரு லென்ஸ், கூட ஒரு சின்ன லென்ஸ், ஒரு பேட்டரி, துடைக்கும் துணி. இவ்வளவுதான். நாளைக்கு வாங்கப்போகும் பெரிய ஜூமுக்கும் இடம் வேண்டும் என்று யோசித்தால் பை வளர்ந்துகொண்டே போகும். அதை வாங்கும்போது அதற்கு வேறு பை பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: கேமராவின் உயரத்தை அளந்து, பையின் தடிமனோடு ஒப்பிடுங்கள்

நான் அதிக நேரம் செலவழித்தது இந்தப் படியில்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பை விற்பவர்கள் கொள்ளளவை லிட்டரில் சொல்கிறார்கள். லிட்டரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆர்50 பாடி 116.3 மி.மீ. அகலம், 85.5 உயரம், 68.8 தடிமன். 18-45 லென்ஸைச் சுருக்கி வைத்தால் 44.3 மி.மீ. நீளம். பாடித் தடிமனையும் லென்ஸ் நீளத்தையும் கூட்டினால் சுமார் 11.3 செ.மீ. மூன்று அளவையும் பெருக்கினால் ஏறத்தாழ 1.1 லிட்டர் வரும். அப்படியானால் 3 லிட்டர் பையில் தாராளமாகப் போக வேண்டுமே? 25 செ.மீ. நீளம், 17 உயரம், 7 தடிமன் என்றாலும் கிட்டத்தட்ட 3 லிட்டர்தான். அதில் ஆர்50 நுழையாது.

காரணம் இதுதான். சின்னப் பையில் கேமராவை வைக்கும் வசதியான முறை, லென்ஸ் கீழே பார்க்க இறக்குவது. அப்படி வைக்கும்போது கேமராவின் அகலம் பையின் நீளத்தில் உட்காரும். லென்ஸ் பையின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். கேமராவின் உயரம், பையின் முன்பக்கத்துக்கும் முதுகுப்பக்கத்துக்கும் நடுவில் வரும். பைகளில் மிகவும் ஒடுக்கமான இடம் அதுதான். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம்) மேலே புடைத்திருக்கும் பாடிகள் எல்லாம் இங்கேதான் சிக்கும். ஆர்50க்கு 85.5, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி30க்கு 82.8. வியூஃபைண்டரே இல்லாத சோனி இசட்வி-இ10 வெறும் 64.2. சோனிக்காரர் "எனக்குக் கச்சிதமாக இருக்கிறது" என்று சொல்லும் பை உங்களுக்குப் பிதுங்குவது இதனால்தான்.

ஆகவே பையின் உள்தடிமன், கேமராவின் உயரத்தைவிட ஒரு செ.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். எனக்குச் சுமார் 9.5 செ.மீ. "உள்" என்பதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் வெளி அளவு. இருபக்க ஃபோமும் சேர்ந்து இரண்டு செ.மீ.யைச் சுலபமாக விழுங்கிவிடும்.

உயரத்துக்கு, லென்ஸோடு சேர்ந்த 11.3க்கு மேல் கழுத்துவாரைச் சுருட்டி வைக்க மூன்று, நான்கு செ.மீ. விடுங்கள். வாரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஜிப் மூடாது.

படி 3: அட்டையில் செய்து பாருங்கள்

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். பார்சல் வந்த அட்டையை வெட்டி, பையின் உள் அளவுக்கு மூடியில்லாத பெட்டி ஒன்று ஒட்டுங்கள். கேமராவை இறக்குங்கள். பிறகு ஒரு கையை உள்ளே விட்டு கிரிப்பைப் பிடித்து வெளியே எடுங்கள். விரல் நுழைய இடம் இருக்கிறதா? கேமரா நுழைந்தும் விரல் நுழையாத பை உதவாது. அப்புறம் மிச்ச இடத்தில் இன்னொரு லென்ஸை நிறுத்திப் பாருங்கள். என் 50 மி.மீ. லென்ஸ் சுமார் 7 செ.மீ. விட்டம். நடுத் தடுப்பையும் சேர்த்தால் உள்நீளம் 21 செ.மீ. போதுமானதாக இருந்தது.

படி 4: மூடி எந்தப் பக்கம் திறக்கிறது?

மூடி உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். நம் பக்கமாகத் திறந்தால் அது வயிற்றில் முட்டி உள்ளே இருப்பதை மறைக்கும். ஜிப்பை ஒரே கையால் முழுக்க இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஜிப்பின் பல் கேமராவை உரசாமல் உள்ளே ஒரு துணி மடிப்பு இருந்தால் நல்லது.

படி 5: அடிப்பக்கம்

கட்டைவிரலால் பையின் அடியை உள்ளிருந்து மேசைமேல் அழுத்துங்கள். மேசையின் கெட்டித்தன்மை விரலுக்குத் தெரிந்தால் ஃபோம் போதாது. பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி அடியில் போட்டால் சரியாகிவிடும்.

என் விருப்பம்

புதிதாகத் தொடங்குபவர்கள் கேமராப் பையே வாங்க வேண்டாம் என்பேன். கேமராவுக்கென்று விற்கும் மெத்தை வைத்த உள்பையை மட்டும் வாங்கி, நீங்கள் ஏற்கெனவே தோளில் மாட்டும் ஜோல்னாப் பையிலோ ஆபீஸ் பையிலோ வையுங்கள். கூட்டமான பஸ்ஸில் "உள்ளே கேமரா இருக்கிறது" என்று பிராண்டு பெயர் அறிவிக்காது. துணிப்பை உடம்போடு ஒட்டிப் படியும், இடிக்காது. 1970களில் ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி தன் வேலைக்காக வடிவமைத்ததும் மெல்லிய கான்வாஸ் பைதான். அந்த வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. சைக்கிள், பைக்கில் போகிறவர்களுக்கு மட்டும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டும் ஸ்லிங் பை. ஜோல்னாப் பை வளைவுகளில் முன்னால் வந்து விழும், ஆபத்து.

மழையும் பூஞ்சையும்

ஐப்பசி, கார்த்திகையில் எந்த ஜிப்பையும் நம்ப வேண்டாம். மழையுறை இல்லாவிட்டால் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவரை மடித்து உள்ளேயே வைத்திருங்கள். வீடு திரும்பியதும் கேமராவை வெளியே எடுத்து, பையைத் திறந்தபடி காயவிடுங்கள். ஈரப் பையில் மூடியே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பை எடுத்துப் போகத்தான், நிரந்தரமாக வைத்திருக்க அல்ல. வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா போதும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் எழுப்பிய சில சந்தேகங்கள்:

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மங்குகிறது என்றார்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிவதால் வருவது அது. அறைக்குள்ளேயே கேமராவைப் பையில் வைத்து மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

பவர் ஜூம் லென்ஸ் (மோட்டாரால் நீளும் லென்ஸ்) வைத்திருப்பவர்கள், பைக்குள் கேமராவின் ஸ்விட்ச் தானாகத் தட்டுப்பட்டு லென்ஸ் நீண்டு ஃபோமில் முட்டுவதாகச் சொன்னார்கள். ஸ்விட்ச் உரசும் பக்கத்துத் தடுப்பை ஒரு விரல் அளவு தள்ளி வெல்க்ரோவில் ஒட்டுங்கள்.

தனி பேட்டரியைச் சில்லறையோடும் சாவியோடும் போடாதீர்கள். உலோக முனைகள் ஷார்ட் ஆகும். அதன் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு வையுங்கள். விமானத்தில் அதைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதியில்லை.

மூடியில் காந்தம் இருந்தால் மெமரி கார்டு அழியுமா? அழியாது. எஸ்டி கார்டு காந்தப் பதிவு அல்ல. ஆனால் பட்டை தேய்க்கும் பழைய ஏடிஎம் கார்டை பையில் அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.