குடோன் வேலைக்குப் புதிதா? சரக்கு எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பைப், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் குடோனில் கணக்கெழுதச் சேர்ந்தபோது எனக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும், குடோன் தெரியாது. பி.காம். முடித்தவர்கள் பலர் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள். இது அவர்களுக்காக. டாலியில் பொருளை உருவாக்கவும் பில் போடவும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1. லாரி பக்கத்தில் நில்லுங்கள்

முதல் மாதம் கம்ப்யூட்டர் நாற்காலி வேண்டாம். சரக்கு இறங்கும்போது பில், சலான் (சரக்கோடு வரும் சீட்டு), இறங்கிய சரக்கு மூன்றையும் ஒத்துப் பாருங்கள். உடைந்தது, நனைந்தது, குறைந்தது எதுவானாலும் சலானிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். லாரி கிளம்பிய பிறகு போனில் சொல்லும் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

2. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர்

ஏ வரிசை, 3ஆவது ரேக், 2ஆவது தட்டு என்றால் ஏ-3-2. தடித்த மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பின் கார்டு, அதாவது இருப்பு அட்டை, தொங்கட்டும்: தேதி, வரவு, பற்று, மீதி. பழைய காலத்து வேலை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மின்சாரம் போன மாலையில் எனக்குக் கைகொடுத்தது அந்த அட்டைதான். சால்வென்ட் சிமென்ட் (பைப் ஒட்டும் பசை) போன்று காலாவதி உள்ள பொருட்களில் புதிய சரக்கைப் பின்னால் தள்ளி, முதலில் காலாவதியாவதை முன்னால் வையுங்கள்.

3. அலகு: நான் இடறிய இடம்

மார்ச் 31 இருப்பு எடுத்தோம். முக்கால் இஞ்ச் எல்போ (பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் துண்டு) டாலியில் 1,152. ரேக்கில் 48 பெட்டி, பெட்டிக்கு 24, பெருக்கினால் அதே 1,152. கணக்கு நேர் என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கடைக்காரர், பெட்டிக்கு நான்கு குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். முதலாளியின் சந்தேகம் மூட்டை தூக்கும் அண்ணன் மேல் விழுந்தது. இரண்டு நாள் அந்த அண்ணனிடம் முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஏணியில் ஏறி ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்தேன். சில பெட்டிகளில் கம்பெனி பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘20 எண்ணம்’ என்று அச்சிட்டிருந்தது. கம்பெனி இடையில் பெட்டி அளவையே மாற்றியிருக்கிறது. விற்றதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மார்ச் 31 அன்று 24 எண்ணப் பெட்டி 31, அதாவது 744; 20 எண்ணப் பெட்டி 17, அதாவது 340. ஆக 1,084. குறைவு 68. பில்லில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. பெட்டியை 24ஆல் பெருக்கி வரவு வைத்தது நான். அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டபோது, “விடு தம்பி” என்றார். எனக்கு விடவில்லை.

ஆகவே, டாலியில் அடிப்படை அலகு எப்போதும் எண்ணம், மீட்டர், கிலோ என்று மிகச் சிறியதாகவே இருக்கட்டும். பெட்டி வேண்டுமானால், ஒரு பெட்டி என்றால் இத்தனை எண்ணம் என்று, கூட்டு அலகாக வையுங்கள். பெட்டி அளவு மாறினால் அதற்குத் தனிப் பொருள் பெயர், ரேக்கில் தனி இடம். ஒவ்வொரு வரவிலும் ஒரு பெட்டியையாவது பிரித்து எண்ணுங்கள்.

4. எண்ணும் முறை

வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக எண்ணி மூச்சு வாங்குவதைவிட, தினமும் பத்துப் பொருள் எண்ணுவது மேல். பணம் அதிகம் முடங்கிய பொருட்கள் ஏ வகை, மாதம் ஒரு முறை. நடுத்தரமானவை பி வகை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆணி, வாஷர் எல்லாம் சி வகை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். எண்ணுபவர் கையில் டாலி இருப்பைக் கொடுக்காதீர்கள். எண் தெரிந்தால் கண் அதைத்தான் பார்க்கும், எனக்கு அப்படித்தான் ஆனது. தொடங்கும் முன் கடைசி வரவு எண்ணையும் கடைசி பில் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பில் போட்டும் கிளம்பாத சரக்கைச் சிவப்பு டேப் ஒட்டி ஒதுக்கிவிடுங்கள்.

5. எப்போது ஆர்டர் போடுவது

தினம் 40 விற்கிறது, சரக்கு வர 6 நாள், கையிருப்புக் காப்பு (அவசரத்துக்கென்று எப்போதும் வைத்திருப்பது) 100 என்றால் 40 × 6 + 100 = 340. இருப்பு 340க்கு வந்ததும் ஆர்டர். ஆனால் எங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கு செல்லாது. லாரி வரும் நாளும் கூடும், காப்பையும் கூட்ட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது குடோனுக்குள் தண்ணீர் வந்தது. ஃபிட்டிங்ஸ் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டி கரைந்துபோய், முக்கால் இஞ்ச் எது, ஒரு இஞ்ச் எது என்று நான்கு நாள் பிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது அடித்தட்டில் எதுவும் வைப்பதில்லை.

கருவி விஷயத்தில் என் கட்சி இது: பின் கார்டும் டாலியும் போதும். எக்செல் ஆராய்ந்து பார்க்க நல்லது, தினக் கணக்குக்கு ஆகாது. யார் எந்தக் கட்டத்தை அழித்தார் என்று கண்டுபிடிப்பது கடினம். இடப்பெயரே இல்லாத குடோனில் பார்கோடு ஸ்கேனர் வாங்குவது வீண் செலவு. படிக்க விரும்பினால் ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் இணையதளத்தில் இருப்பு மேலாண்மை, விநியோகச் சங்கிலிப் பாடங்கள் இலவசம். தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். மூன்று மாதம் லாரி பக்கம் நின்ற பிறகு பாருங்கள், சூத்திரங்கள் சட்டென்று விளங்கும்.

பின்சேர்க்கை: கடலூரிலும் புதுச்சேரியிலும் குடோன் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், இரண்டு இருப்பையும் கூட்டினால் எப்போதும் குறைகிறதே என்று கேட்டிருந்தார். ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் தனித்தனி ஜிஎஸ்டி எண், அதனால் சொந்தச் சரக்கை மாற்றினாலும் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்ட பில் வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கை ஏற்றிச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். கடலூரில் பில் போட்ட நிமிடமே அங்கே இருப்பு குறைந்துவிடும். புதுச்சேரியில் வரவு வைப்பதோ மறுநாள் காலையில். நடுவில் அந்தச் சரக்கு எந்தக் கணக்கிலும் இல்லை. ‘வழியில்’ என்ற பெயரில் டாலியில் மூன்றாவதாக ஒரு குடோன் திறந்து, அனுப்பியதை அதில் வையுங்கள். இரவு கடை சாத்தும்போது அதில் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.